மினுக்கத்தின் கீழே

துப்பாக்கியின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அது சுட்டதையே எழுதினார்கள். சுட்டு முடிந்த மாலையில் அதைத் துடைத்து வைத்த கைகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. எங்களில் பலருக்குத் துப்பாக்கி நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் முதலில் கண்ட பொருளல்ல. சோதனைச்சாவடியில் நெஞ்சுக்கு நேரே கண்ட பொருள். அதன் அழகை ரசிக்கும் மனம் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்த மினுக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

இரும்பின் பகை கறள். கருமருந்து எரிந்தபின் குழலில் தங்கும் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அன்றே சுடுநீரால் கழுவி, ஈரம் போக உலர்த்தி, எண்ணெய் பூசவேண்டும். விட்டால் கறள் ஏறிவிடும். இதற்காகவே துப்பாக்கிக்கு நீலமேற்றினார்கள். இரும்பின் மேற்பரப்பைத் தாங்களே மெல்லியதாக ஒட்சியேற்றுவது, அதாவது ஒருவகைக் கறளைக் கொண்டு இன்னொரு கறளைத் தடுப்பது. கெட்டிக்கார வித்தைதான். ஆனால் உறையில் உரசி, வியர்வை பட்டு, அந்த நீலம் தேய்ந்துபோகும்.

நிக்கல் இங்கேதான் வந்தது. ஜெர்மனியில் பொட்கர் என்பவர் 1840களிலேயே நிக்கல் முலாமிடும் கரைசலொன்றைச் செய்திருந்தார். அதைப் பெருந்தொழிலாக்க வழிவிட்டது, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து ஐசாக் அடம்ஸ் 1869இல் பெற்ற காப்புரிமை. அடுத்த ஆண்டே அமெரிக்க இராணுவம் ஸ்மித் அன்ட் வெஸனிடம் கேட்ட 1000 றிவோல்வர்களில் 200 நிக்கல் பூசியவை. ஆனால் இராணுவம் அந்தப் பளபளப்பில் நிலைக்கவில்லை. 1873இல் அது தெரிந்தெடுத்த கோல்ற் நீலமேற்றியதே. நிக்கல் போய்ச் சேர்ந்த இடம் நகரத்துச் சட்டைப்பைகள். அக்காலத்து மலிவான சிறு றிவோல்வர்களில் பெரும்பாலானவை நிக்கல் முலாமுடன்தான் விற்பனைக்கு வந்தன. மலிந்த இரும்புக்கு வெள்ளிச் சாயல் கிடைத்தது.

முலாமிட்டவன் இனிக் கவலையில்லை என்று நினைத்திருப்பான். உண்மையில் கவலை இடம் மாறியது, அவ்வளவுதான். துத்தநாகம் பூசிய தகரத்தில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். நிக்கல் அப்படியல்ல. ஊசிமுனைத் துளை போதும், ஈரம் உள்ளே போனதும் இரும்புதான் முதலில் அரிபடும். நிக்கல் மேலே பளபளத்துக்கொண்டிருக்கும். கறள் பக்கவாட்டில் பரவி, ஒருநாள் முலாம் பொருக்காக உரிந்து வரும்போதுதான் விஷயம் வெளியே தெரியும்.

எங்கள் வீடுகளில் பித்தளை விளக்கைப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவார்கள். விளக்கு உள்ளும் புறமும் பித்தளை. எத்தனை தலைமுறை தேய்த்தாலும் தாங்கும். நிக்கல் வெறும் தோல். தேய்க்கத் தேய்க்க மெலியும். புகையற்ற வெடிமருந்து வந்தபின் இன்னொரு ஆபத்தும் சேர்ந்தது. குண்டின் உலோக உறை குழலில் விட்டுச்சென்ற படிவைக் கரைக்க அமோனியா கலந்த திரவங்கள் வந்தன. முலாமிடுவோர் சிலர் நிக்கலுக்கு அடியில் செம்பு பூசுவதுண்டு. கீறல் வழியே இறங்கும் அமோனியா அந்தச் செம்பைக் கரைத்துவிடும். மேலேயுள்ள நிக்கல் பிடிமானம் இழந்து கழன்றுவிடும். குழலைச் சுத்தம் செய்யப்போய்த் தோலை உரித்த கதை.

இதனால்தான் அறிந்தவர்கள் நிக்கல் துப்பாக்கியைக் குறைவாகவே தொடுகிறார்கள். கையுறை போட்டு எடுப்பார்கள், மென்துணியால் ஒற்றுவார்கள், மெல்லிய எண்ணெயோ மெழுகோ பூசுவார்கள். நூதனசாலைகள் பல பாவிக்கும் நுண்படிக மெழுகு 1950களில் பிரித்தானிய நூதனசாலையின் ஆய்வுகூடத்தில் உருவானது. தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவதில்லை. பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

உரிந்ததைப் புதிதாக்க நினைப்பவர்கள் செய்யும் சேதம்தான் பெரிது. மறுபடி முலாமிடுமுன் இரும்பைச் சக்கரத்தில் தேய்த்து மட்டப்படுத்துவார்கள். அதில் விளிம்புகள் மழுங்கும். இலக்கங்கள், பரிசோதகரின் முத்திரைகள், உடையவன் கீறிய பெயரெழுத்து எல்லாம் போய்விடும். அந்த ஆயுதம் யாரிடம் இருந்தது, எந்தப் படைக்குப் போனது என்பதற்கு அதன் உடலில் இருந்த சாட்சி அதோடு முடிந்தது. தேர்ந்த கண்கள் இதைப் பிடித்துவிடும். ஸ்மித் அன்ட் வெஸன் தொழிற்சாலை வழக்கமாகச் சுத்தியலுக்கும் விசைக்கும் நிக்கல் பூசுவதில்லை. அவையும் வெள்ளையாக மின்னினால் பின்னால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தொழிற்சாலையின் பழைய பதிவேட்டில் அந்த இலக்கத்துக்கு நேரே என்ன முலாம், எந்த நாளில், எந்த வியாபாரிக்கு என்று எழுதியிருக்கலாம். ஆனால் அதைத் தேடிப்பார்க்க, துப்பாக்கியில் இலக்கம் மிஞ்சியிருக்க வேண்டும்.