பின்செல்லக் கற்ற எஞ்சின்

துடுப்பு வலிப்பவனுக்கு மூன்று செயல்கள் இயல்பாகவே கைவருகின்றன. வலித்தால் படகு முன்செல்கிறது. கையை நிறுத்தினால் ஓய்கிறது. எதிர்த்து வலித்தால் பின்வருகிறது. ஆனால் துடுப்பின் இடத்தைப் பிடிக்க வந்த சிறு எஞ்சின் தொடக்கத்தில் அறிந்திருந்தது முன்செல்வதை மட்டுமே. எஞ்சிய இரண்டையும் அது செம்மையாகக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. படகின் பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சினில் கியர் இறுகிக்கொள்ளும் நாளில், அந்த நாற்பது ஆண்டுகளும் ஒரு நொடியில் அழிந்துபோகின்றன. கியர் பிறந்த வரலாற்றையும், இறுகிய கியரை விடுவிக்கும் முறையையும் இக்கட்டுரையில் சேர்த்தே காண்போம். முன்னதை அறிந்தால் பின்னது எளிதில் விளங்கும்.

நிற்கத் தெரியாத எஞ்சின்

கழற்றி மாட்டத்தக்க படகு எஞ்சினை முதலில் எண்ணியவர் ஓலே எவின்ரூட் அல்லர். அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே கேமரன் வாட்டர்மேன் என்பார் அத்தகைய எஞ்சினைச் செய்து விற்கத் தொடங்கியிருந்தார். எனினும் அதனை ஒரு பெருந்தொழிலாக வளர்த்த பெருமை எவின்ரூடையே சாரும். 1877இல் நார்வேயில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்துடன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியவர் அவர். தம் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிவர வெயிலில் ஏரியின் குறுக்கே துடுப்பு வலித்த களைப்பே இவ்வெண்ணத்தைத் தந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், மில்வாக்கி நகரில் 1909ஆம் ஆண்டு அவர் விற்பனைக்குக் கொணர்ந்த எஞ்சின் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை 62 பவுண்டு. விலையும் 62 டாலர். காப்புரிமை 1911இல் கிடைத்தது.

இவ்வெஞ்சினின் அமைப்பு மிக எளியது. மேலே எஞ்சின், அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டு, நீருக்கடியில் இரு பற்சக்கரங்கள், அவற்றின் வழியே சுழலும் விசிறி. இடையில் தொடர்பைத் துண்டிக்கும் உறுப்பு எதுவும் இல்லை. எஞ்சின் ஓடினால் விசிறி சுழலும். விசிறி சுழன்றால் படகு பாயும். ஆகவே எஞ்சினைக் கிளப்பும் கணமே பயணம் தொடங்கும் கணமாயிற்று. கரையை அணுகும்போது, எவ்விடத்தில் எஞ்சினை அணைத்தால் படகு மோதாமல் வந்து சேரும் என்பதைக் கண்ணால் அளந்தே முடிவு செய்யவேண்டும். அளவு தவறினால் பலகை உடையும். நீரில் ஆள் இருந்தால் உடல் அறுபடும்.

மூன்று முயற்சிகள்

இக்குறையைப் போக்க மூவகை வழிகள் தேடப்பட்டன.

முதலாவது, எஞ்சினையே எதிர்த்திசையில் ஓடச் செய்வது. இரு வீச்சு எஞ்சினை எத்திசையிலும் ஓட்ட இயலும். தீப்பொறி விழும் நேரத்தை மாற்றினால் அது தடுமாறித் திரும்பி எதிராகச் சுழலும். ஆயின் ஓட்டுபவரின் கைப்பழக்கத்தையும் எஞ்சினின் மனப்போக்கையும் ஒருங்கே நம்பவேண்டிய வித்தை இது.

இரண்டாவது, விசிறியின் இதழ்களைத் திருப்புவது. டெட்ராய்ட்டின் கெய்ல் நிறுவனம் 1910களில் இவ்வாறு ஐந்து நிலைகள் கொண்ட எஞ்சினைச் செய்தது. நுட்பமானதுதான், ஆனால் உறுப்புகள் பெருகின.

மூன்றாவது, எஞ்சின் முழுவதையும் அச்சில் சுழற்றி விசிறியைப் பின்நோக்க வைப்பது. ஜான்சன் சகோதரர்கள் 1922இல் வெளியிட்ட இலகுவான எஞ்சின் இவ்வகையைப் புகழ்பெறச் செய்தது. இன்றும் இரண்டு, மூன்று குதிரைத்திறன் கொண்ட மிகச்சிறு எஞ்சின்கள் பலவற்றில் ரிவர்ஸ் கியர் இல்லை, சுழற்றியே பின்செல்கிறார்கள்.

முறையான விடை பெருவழக்காகத் தொடங்கியது 1949இல். அவ்வாண்டு வந்த ஜான்சனின் 10 குதிரைத்திறன் எஞ்சினில் முன், நியூட்ரல், பின் என மூன்று நிலைகளும், தனியே வைக்கத்தக்க எரிபொருள் தொட்டியும் இருந்தன. துடுப்பின் மூன்று செயல்களும் எஞ்சினுக்கு மீண்டன.

கியரின் உள்ளே

செங்குத்துத் தண்டின் அடியில் ஒரு சிறு பற்சக்கரம். அது முன்னும் பின்னுமாக உள்ள இரு பெரிய பற்சக்கரங்களை எப்போதும் எதிரெதிர்த் திசைகளில் சுழற்றிக்கொண்டே இருக்கும். விசிறித் தண்டு அவ்விரண்டின் ஊடாகவும் ஒட்டாமல் செல்கிறது. அத்தண்டின்மேல் நகரும் கிளட்ச் டாக் எனும் பல்வளையம் முன்சக்கரத்தைப் பற்றினால் முன்செலவு. பின்சக்கரத்தைப் பற்றினால் பின்செலவு. இடையில் நின்றால் நியூட்ரல். மேலிருந்து இறங்கும் மெல்லிய ஷிஃப்ட் கம்பி ஒன்றே இவ்வளையத்தை ஆள்கிறது. கியர் 'சிக்கியது' என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் பற்சக்கரங்கள் சிக்குவதில்லை. கைப்பிடிக்கும் வளையத்துக்கும் இடைப்பட்ட வழியே அடைபடுகிறது.

விடுவிக்கும் முறை

எப்பணிக்கும் முன்னர், தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். விசிறியைக் கையால் தொடப்போகிறோம் என்பதை மறவாதீர்கள்.

எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் விழாமை கோளாறு ஆகாது. பல்லும் பல்லும் நேருக்குநேர் முட்டி நிற்கின்றன. விசிறியைக் கையால் மெல்லத் திருப்பியபடி கைப்பிடியை நகர்த்தினால் விழுந்துவிடும். வலுவாகத் தள்ளினால் கம்பி வளையும்.

அதற்கும் இசையாவிடில், கைப்பிடியையோ கேபிளையோ எஞ்சினிலிருந்து பிரித்துவிட்டு, அங்குள்ள நெம்பை நேரடியாக அசைத்துப் பார்க்கவேண்டும். அசைந்தால் குற்றம் மேலே: உப்பேறிய அச்சு, உலர்ந்த கிரீஸ், துருவேறிய கேபிள். அசையாவிடில் குற்றம் கீழே. கம்பி கியர்ப்பெட்டிக்குள் நுழையுமிடத்தில் உப்பு இறுகியிருக்கலாம். துருநீக்கும் எண்ணெயை விட்டு, ஓரிரவு பொறுத்து, சிறுகச் சிறுக முன்னும் பின்னும் அசைக்கவேண்டும். சுத்தியல் இங்கு உதவாது.

நீரேற்றும் இறப்பர்ச் சக்கரத்தை மாற்றுவதற்காகக் கியர்ப்பெட்டியைக் கழற்றிப் பூட்டிய பின்னர் இக்கோளாறு தோன்றினால், மேற்கம்பியும் கீழ்க்கம்பியும் இணையும் இடத்தை முதலில் ஐயுறுக. இரண்டையும் ஒரே கியர் நிலையில் வைத்தே பூட்டவேண்டும்.

இறுதியாக, கியர் எண்ணெயைக் காணவேண்டும். அடித்திருகைக் கழற்றும்போது பால்போல் வெளுத்த எண்ணெய் வந்தால் நீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் விசிறித் தண்டில் சுற்றிய தூண்டில் நரம்பு சீலை அறுத்திருக்கும். சீலை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது சில நாள் ஆறுதலே. புது எண்ணெயைக் கீழ்த்துளை வழியே ஏற்றி, மேல்துளையில் வழிந்தபின் மேல்திருகை முதலிலும் கீழ்த்திருகைப் பின்னரும் மூடவேண்டும். அப்போதுதான் காற்று உள்ளே தங்காது.

ஓட்டும் பழக்கமும் ஒரு மருந்தே. எஞ்சினைத் தாழ்ந்த ஓட்டத்திற்குக் கொணர்ந்து, தயங்காமல் ஒரே வீச்சில் கியர் மாற்றவேண்டும். மென்மை எனக் கருதி மெல்ல மாற்றுவோர், பல்வளையத்தின் முனைகளைத் தேய்த்து மழுக்குகிறார்கள்.

அலைவாயில்

ஏரியில் விளையாட்டாகப் பிறந்த இவ்வெஞ்சின், நம் கடற்கரைகளில் பிழைப்பாயிற்று. 1980களில் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் மீனவர் படகுகளில் இது விரைந்து பரவியது. அங்கெல்லாம் படகு துறைமுகத்தில் அன்று, அலை மறியும் வெறுங்கரையில் ஏறவேண்டும். ஓர் அலை கடந்து அடுத்த அலைக்குக் காத்திருக்க நியூட்ரல் வேண்டும்; வலை விசிறியை நெருங்கும்போது உடனே விலக ரிவர்ஸ் வேண்டும். முன்கியரிலேயே இறுகிய எஞ்சினுடன் அலைவாய்க்கு வருபவன், 1909ஆம் ஆண்டின் எஞ்சினுடன் வருகிறான். ஆனால் அவன்முன் இருப்பது விஸ்கான்சின் ஏரி அன்று.

ஜான்சன், எவின்ரூட் பெயர்களைத் தாங்கியிருந்த அவுட்போர்டு மரீன் நிறுவனம் 2000இல் நொடித்தது. பிறர் கைக்குச் சென்ற எவின்ரூட் எஞ்சின்களின் உற்பத்தியும் 2020இல் நின்றது. அம்மூன்று நிலைகளும் பல்வளையமும் மட்டும் இன்றைய எஞ்சின்களிலும் தொடர்கின்றன. அவை எந்நாளும் பழுதாகலாம். ஆதலின் எத்துணைப் புதிய எஞ்சின் பூட்டிய படகாயினும், அதில் ஒரு துடுப்பு கிடப்பது நன்று. நிற்கவும் பின்செல்லவும் எஞ்சின் மறந்த வேளையில், மறவாத ஒன்று உடனிருக்கும்.