காய்ச்சற் கணக்கு

காய்ச்சல் என்ற சொல்லுக்கு நம்மவர் அஞ்சுவதில்லை. மழையில் நனைந்தால் காய்ச்சல், வெயிலில் அலைந்தால் காய்ச்சல் என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வர்; மூன்றாம் நாள் எழுந்து வேலைக்குப் போவர். குளிர்நாடுகளில் இன்புளூயன்சாவுக்கு ஒரு பருவம் உண்டு. பனிக்காலத்தோடு வந்து பனிக்காலத்தோடு ஓய்ந்துவிடும். சிங்கப்பூரிலோ அது ஆண்டு முழுவதும் இருந்துகொண்டே, ஆண்டின் நடுவில் ஒருமுறையும் ஆண்டு முடிவை ஒட்டி ஒருமுறையும் மிகுகிறது. எந்நாளும் வீட்டில் இருப்பதை யார் கவனிப்பார்? இந்தக் கவனமின்மைக்கு நம் மக்கள் ஒருகால் கொடுத்த விலை சிறிதன்று.

1918ஆம் ஆண்டு, முதல் உலகப் போர் முடியுந் தறுவாயில், ஜூன் ஜூலை மாதங்களில் சிங்கப்பூரில் ஒரு காய்ச்சல் பரவித் தணிந்தது. அக்டோபரில் அது மீண்டபோது கொல்லும் நோயாக மீண்டது. முதியோரும் குழந்தைகளுமே காய்ச்சலுக்கு இரையாவது வழக்கம். இதுவோ இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட உடலுரம் வாய்ந்தவரையே தேடிப் பிடித்தது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர் பெரும்பாலும் அந்த வயதினர்தாமே! நெருங்கிப் படுத்துறங்கும் லயத்தில் ஒருவர் இருமினால் அடுத்தவர் தப்புவது எங்ஙனம்? மலாயாவில் இந்நோய்க்கு மிகுதியாக மாண்டோர் இந்தியத் தொழிலாளரே. அதே மாதங்களில் இந்தியாவில் மாண்டோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். கடல் கடந்து வந்தவன் இங்கே மடிய, அவன் பணத்தை எதிர்பார்த்திருந்தவர் அங்கே மடிந்த குடும்பங்கள் எத்தனையோ!

தோட்டத்தில் கணக்கே இருந்ததில்லை என்று எவரும் சொல்ல முடியாது. செக்ரோல் இருந்தது. விடியுமுன் பெரட்டில் நின்றவர் யார், வராதவர் யார், அரைநாட் பேர் யாருக்கு என்பதெல்லாம் கிராணியின் ஏட்டில் பிசகின்றி ஏறின. வராதவன் எந்த நோயால் வரவில்லை என்பதற்குத்தான் அந்த ஏட்டில் இடமில்லை. நாட்டுப்புறங்களில் இறப்பைப் பதிந்தவரும் மருத்துவரல்லர். வந்து சொன்னவர் வாய்மொழியே ஆதாரம். ஆதலின் மலேரியாவும் நிமோனியாவும் இன்புளூயன்சாவும் ‘காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. பிற்காலத்து ஆராய்ச்சியாளர், வழக்கமான ஆண்டுகளின் இறப்பை 1918ஆம் ஆண்டின் இறப்பிலிருந்து கழித்து, மிகுந்ததைக் கொண்டே இந்நோயின் கொடுமையை மதிப்பிட வேண்டியதாயிற்று. மாண்டவன் ஒரு கழித்தற் கணக்கின் மிச்சமாகவே வரலாற்றில் நிற்கிறான்.

மலேரியாவின் வரலாறு வேறு. டாக்டர் மால்கம் வாட்சன் தோட்டம் தோட்டமாகச் சென்று குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று எண்ணினார். அந்த எண்ணிக்கையைக் காட்டியே சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்தார். இன்புளூயன்சா அப்படி ஓர் அடையாளத்தை உடலில் விட்டுச் செல்வதில்லை. 1918இல் அதன் கிருமி எது என்பதே விளங்கவில்லை. பைபர் என்ற ஜெர்மானியர் 1892இல் கண்ட ஒரு பாக்டீரியாவின் மேல் பழி கிடந்தது. மனிதரைத் தாக்கும் இன்புளூயன்சா வைரஸ் 1933இல்தான் இங்கிலாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. 1948இல் இலண்டனில் உலக இன்புளூயன்சா நிலையம் ஏற்பட்டது. நாடுதோறும் கிருமியைப் பிடித்து அனுப்பும் பிணைப்பை உலகச் சுகாதார நிறுவனம் 1952இல் அமைத்தது.

அது பயன் தந்த ஆண்டு 1957. சீனாவின் தென்மேற்கில் அவ்வாண்டின் தொடக்கத்தில் புதிய காய்ச்சலொன்று எழுந்தது. சீனா அப்போது அந்தப் பிணைப்பில் இல்லை. ஆகவே உலகுக்குச் செய்தி எட்டவில்லை. ஏப்ரலில் ஹாங்காங் மருந்தகங்களில் கூட்டம் அலைமோதியது. மே மாதத் தொடக்கத்தில் நோய் பெருவாரியாகப் பரவுகிறதென்று உலகச் சுகாதார நிறுவனத்துக்கு முதலில் அறிவித்தது எந்த நாடு? சிங்கப்பூர்! இங்கே பிடிபட்ட கிருமி சோதிக்கப்பட்டு, மக்கள் உடலில் எதிர்ப்பாற்றல் அறவே இல்லாத புதுவகையென்று தெளிந்தது. ‘ஏ/சிங்கப்பூர்/1/57’ என்பது அதன் பெயர். நோய்க்கு ஊர்ப்பெயர் வைத்தது இழுக்கென்று சிலர் கருதலாம். கண்டதை மறையாது சொன்ன ஊர் என்பதற்குரிய சான்றாகவே நான் அதைக் கருதுகிறேன். அந்நோயும் உலகெங்கும் பத்து இலட்சம் பேரளவில் கொன்றது. ஆனால் தடுப்பூசி செய்யச் சில மாத அவகாசமேனும் கிடைத்தது.

இன்று சிங்கப்பூரின் பலதுறை மருந்தகங்களில் இருமலும் காய்ச்சலுமாக வருவோர் தொகை வாரந்தோறும் கணக்கிடப்படுகிறது. அவர்களிற் சிலரது மூக்கிலிருந்தோ தொண்டையிலிருந்தோ பஞ்சுக்குச்சியால் சளியெடுத்து, எவ்வகைக் கிருமி நடமாடுகிறதென்று பார்க்கின்றனர். மலேசியாவிலும் தேர்ந்தெடுத்த சுகாதார நிலையங்களும் மருத்துவமனைகளும் இதைச் செய்கின்றன. 1900இல் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கிருமிகளைச் சோதிக்கிறது. இவ்வாறு பல நாடுகளில் திரண்ட செய்தியைக் கொண்டே ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அடுத்த தடுப்பூசியில் எக்கிருமிகள் சேர வேண்டுமென்று நிபுணர் கூடி முடிவு செய்கின்றனர்.

இத்தனை ஏற்பாடும் மருந்தகத்தின் கதவைத் தட்டியவரையே எண்ணுகிறது. நாட்கூலி போய்விடுமென்று அஞ்சி, முச்சந்திக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகும் தொழிலாளி, 1918இல் இருந்ததைப் போலவே, இந்த வாரத்துக் கணக்கிலும் இல்லை.