கணிப்பொறியின் நினைவகமும் விரைவும்

கணிப்பொறியின் விரைவு செயலி ஒன்றாலேயே அமைவது என்பர் பலர். அப்பொறியின் வரலாறு வேறு கூறுகிறது.

பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்த கணிப்பொறி 1960இல் இயங்கத் தொடங்கிற்று. 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் எனப் பெயரிட்டார். வெற்றிடக் குழாய்களால் கணக்கிட்ட அப்பொறியின் நினைவகம் கம்பிகளில் கோத்த சிறு காந்த வளையங்களால் ஆனது. அதில் அடங்கியவை 2,048 சொற்கள். ஒவ்வொன்றும் 40 இருமக் கூறுகளை உடையது. கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்றுக்கும் இன்று அவ்விடம் போதாது.

1970களில் சிலிக்கன் சில்லு அவ்வளையங்களின் இடத்தைப் பெற்றது. 1972இல் பினாங்கில் இன்டெல் தொழிற்சாலை தொடங்கியபோது மலேசியத் தொழிலாளர் கைகளும் இவ்வரலாற்றில் சேர்ந்தன.

சில்லு வளர்ந்தும் அடிப்படை மாறவில்லை. நினைவகம் மேசை போன்றது. வட்டு பேழை போன்றது. மேசை நிரம்பினால் ஏடுகளைப் பேழைக்கும் மேசைக்குமாக மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். அந்நேரத்தில் செயலி வாளா காத்திருக்கும். தூசி அடைந்து வெப்பம் மிகினும் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே தூசி நீக்கி, தாய்ப்பலகை ஏற்கும் வகையறிந்து நினைவகம் கூட்டி, சுழலும் வட்டை நீக்கித் திண்ம வட்டு பொருத்தின் பழம்பொறி புத்துயிர் பெறுவதுண்டு.

2018இல் சீனா அயல்நாட்டு நெகிழிக் கழிவைத் தடுத்தபின், சிலாங்கூரின் ஜெஞ்சாரோமில் அத்தகு கழிவு குவிந்தது; எரித்த புகையும் சூழ்ந்தது. எறிந்த பொருள் எங்கோ மறைவதில்லை என்பதற்கு அவ்வூரே சான்று. பள்ளிக் கணிப்பொறி தளர்ந்தால், தளர்ந்த உறுப்பு எதுவென அறிந்தபின்னரே அதனை ஒதுக்குதல் தகும்.