ஹலால் பார்த்தோம், மற்ற வரிகளையும் பார்த்தோமா?

சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பி 631 என்ற எண் இருக்கிறதா என்று தேடும் பழக்கம் நம் வீடுகளில் வந்துவிட்டது. அது இறைச்சியிலிருந்து எடுக்கப்பட்டதா என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் பச்சைப் புள்ளியைக் கண்டதும் நிம்மதியாகப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறோம். 627, 631 போன்ற சுவைகூட்டிகள் சேர்க்கப்பட்டிருப்பதே, அது அதி பதப்படுத்தப்பட்ட உணவு என்பதற்கு ஓர் அடையாளம். குர்ஆன் (2:168) 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்', அதாவது நல்லது, தூய்மையானது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

எது அதி பதப்படுத்தப்பட்டது?

பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டேரோவின் குழு உருவாக்கிய 'நோவா' வகைப்பாடு உணவை 4 வகையாகப் பிரிக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அதிகம் விளையும் வேர்க்கடலையை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

1. அவித்த வேர்க்கடலை: இயற்கை உணவு.
2. கடலை எண்ணெய்: சமையலுக்கான பொருள்.
3. உப்புக்கடலை: பதப்படுத்தப்பட்டது.
4. மாவு, செயற்கை மணம், நிறம், சுவைகூட்டி சேர்த்துத் தொழிற்சாலையில் செய்த மசாலா கடலை: அதி பதப்படுத்தப்பட்டது.

பாக்கெட் நூடுல்ஸ், க்ரீம் பிஸ்கட், குளிர்பானம் ஆகியவையும் நான்காம் வகையே. தயிரும் இட்லி மாவும் அதில் சேராது.

என்ன கெடுதல்?

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் பெரியவர்கள் 20 பேருக்கு இரு வகை உணவும் தலா 2 வாரம் தரப்பட்டது. சர்க்கரை, கொழுப்பு, உப்பு இரண்டிலும் சமமாகவே இருந்தன. ஆனாலும் அதி பதப்படுத்தப்பட்ட உணவு தரப்பட்டபோது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்; எடையும் கூடியது. பெரியவர்களாலேயே நிறுத்த முடியாததைப் பிள்ளைகளிடம் எப்படி எதிர்பார்ப்பது?

இந்தியாவில் 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுடையோரில் சுமார் 10 சதவீதம் பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தனர். இதற்கு உணவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இத்தகைய உணவைக் குறைக்கும்படி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி. மீறல் கண்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் செய்யலாம். மாலையில் பிள்ளைகள் வரும் மக்தப் வாசலிலும் ஜமாஅத்தார் பேசி இதே ஒழுங்கைக் கொண்டுவரலாம்.

நாம் செய்ய வேண்டியவை

• பொருட்பட்டியலில் அதிக அளவில் உள்ளதே முதலில் வரும். முதல் மூன்றில் மைதா, சர்க்கரை, பாமாயில் இருந்தால் தவிர்ப்போம்.
• வீட்டுச் சமையலறையில் இல்லாத பெயர்களும் எண்களும் நிறைய இருந்தால் வாங்க வேண்டாம்.
• குளிர்பானத்தில் பெரும்பாலும் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உண்டு. நோன்பு திறக்க அதற்குப் பதில் எலுமிச்சைச் சாறும் நோன்புக் கஞ்சியும் இருக்கட்டும்.
• பிள்ளைகளின் பைக்கு அவித்த கடலை, பேரீச்சை, சுண்டல், வாழைப்பழம் போதும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் பிள்ளை கடையில் ஒளித்து வாங்கும். தினமும் வாங்குவதை வாரம் ஒரு முறையாக்கி, பிறகு மெல்ல விடுவிப்பதே நடைமுறைக்கு ஏற்றது.