வெள்ளை மணவாடை வந்த வரலாறு

சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, சோழர் கடற்படையைப் பற்றியோ பல்லவர் குடைவரைகளைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் அவற்றைக் கற்றுத் துறைபோய பெரியோர் நம்மிடையே பலர் உளர். பார்சல் ஆபீஸில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் எனக்கு, சென்ற தை மாதத்தில் நம் காலனியில் நிகழ்ந்த திருமணம் ஒன்று வேறொரு பொருளைக் கையில் கொடுத்தது.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே நாகர்கோவிலைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டுப் பெண் இந்தக் காலனியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆலயப் பாடகர் குழுவில் தன்னோடு பாடிய ஆங்கிலோ-இந்தியத் தோழியர் வெள்ளைக் கவுன் அணிந்து மணம் முடித்ததைச் சிறுவயது முதல் கண்டவள். தனக்கு நிச்சயமானவுடன், தானும் கவுன் அணிந்தே மணமேடைக்குச் செல்வதாகக் கூறினாள். தகப்பனாரோ, “நம் வீட்டுப் பெண்கள் சேலை உடுத்தே தாலி வாங்கினவர்கள், கவுனோடு வருவதானால் கைபிடித்து அழைத்துச் செல்ல நான் வரமாட்டேன்” என்று கூறிவிட்டார். என் மனைவியைப் போன்ற அண்டை வீட்டாருக்கு வேறு கவலை. மணநாளில், கவுனோ சேலையோ, வெள்ளையா உடுத்துவது என்பதே அது. இரு வாரங்கள் அவ்வீட்டில் தகப்பனும் மகளும் ஒருங்கே அமர்ந்து உண்ணவில்லை. ஒரு நாள் மாலை அப்பெண் என்னிடம் வந்து, “மாமா, நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்கள்” என்று கண்கலங்கி நின்றாள்.

என்ன சொல்வது? தகப்பனார் “இது நம் மரபன்று” என்றார். மகள் “இதுதான் ஆலயத்து மரபு” என்றாள். மரபு என்னும் சொல் அவ்வீட்டில் அத்தனை முறை புழங்கிற்று. ஆகவே அது யாருடைய மரபு, எத்தனை ஆண்டு மரபு என்று அறிந்துகொள்ளும் அவா எனக்கு எழுந்தது. இன்ஸ்டிட்யூட் நூலகத்திலும், கல்லூரியில் பயிலும் என் மைந்தன் தேடித் தந்தவற்றிலும் கண்டதை இங்குத் தருகிறேன்.

முதலில் வியப்பளித்த செய்தி, மேல்நாட்டார்க்கும் வெள்ளை தொன்றுதொட்ட மண நிறம் அன்று என்பதே. சில தலைமுறைகளுக்கு முன்வரை அங்கே எளிய குடிப்பெண் தன்னிடம் இருந்தவற்றுள் நல்ல உடுப்பை, அல்லது கைக்கு எட்டிய அளவில் புதிதாகத் தைத்ததை, எந்த நிறமாயினும் அணிந்து மணந்தாள். பழுப்பு, நீலம், சிவப்பு எதுவும் விலக்கன்று. அதையே பின்னர் ஞாயிறுதோறும் ஆலயத்திற்கு உடுத்திச் சென்றாள். ஒரே நாள் உடுத்திப் பெட்டியில் பூட்டி வைக்கும் வளம் எத்தனை வீடுகளில் இருந்தது? அரச குலத்தாரோ வெள்ளிச் சரிகை மின்னும் ஆடையை விரும்பினர். 1816 மே 2ஆம் நாள் மணந்த இங்கிலாந்து இளவரசி ஷார்லட் வெள்ளியிழை ஆடையே அணிந்தாள். பாவம், மறு ஆண்டு நவம்பரிலேயே பிள்ளைப்பேற்றில் மாண்டாள்.

வெள்ளை என்றால் கைம்மைக் கோலம் என்று நாம் கருதுவது போல் பிரெஞ்சு அரச குலத்தாரும் ஒரு காலத்தில் கருதினர். அங்கே அரசியர் துக்கம் காக்க உடுத்தது வெண்மையே. அவ்வாறிருந்தும் 1558 ஏப்ரல் 24ஆம் நாள் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தில் பிரெஞ்சு இளவரசனை மணந்த ஸ்காட்லாந்து அரசி மேரி, வெள்ளாடையையே விரும்பி அணிந்தாள். அப்போது அவளுக்கு வயது பதினைந்து. 1560 டிசம்பரில் கணவன் இறந்தான். வெண்துகில் போர்த்த கைம்பெண்ணாக அவளைத் தீட்டிய ஓவியம் இன்றும் உள்ளது. என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, “நான் சொல்லவில்லையா?” என்றாள். ஒரு மரணத்திற்கு ஒரு துணியின் நிறத்தைக் காரணமாக்குவது நியாயமாகாது என்று நான் எவ்வளவோ கூறியும் பயனில்லை.

வெள்ளையை மண நிறமாக நிலைநாட்டியவர் விக்டோரியா மகாராணி எனலாம். 1837 ஜூன் 20ஆம் நாள் பதினெட்டு வயதில் அரியணை ஏறியவர். நாடாளும் அரசியிடம் மணம் பேசும் உரிமை எவர்க்கும் இல்லையாதலால், 1839 அக்டோபரில் தாமே ஆல்பர்ட் இளவரசரிடம் தம் விருப்பத்தைக் கூறினார். 1840 பிப்ரவரி 10ஆம் நாள் லண்டன் செயிண்ட் ஜேம்ஸ் அரண்மனைத் தேவாலயத்தில் திருமணம். அரசிக்கு உரிய செவ்வெல்வெட் அங்கியும் கீரித்தோலும் மகுடமும் அணிந்து வருவார் என்றே அவையோர் எதிர்பார்த்தனர். அவரோ அவற்றை ஒதுக்கிவிட்டு, வெண்ணிற ஸாடின் கவுன் அணிந்து, தலையில் கிச்சிலி மலர் வளையம் சூடி வந்தார். கழுத்தில் துருக்கி வைரமாலை. மார்பில் ஆல்பர்ட் முந்திய நாள் அளித்த பெரிய நீலக்கல் புரோச். நீலக்கல்லை நம்மவர் சோதிடரைக் கேளாது தொடமாட்டார்கள். அவ்வம்மையார் அதைப் பெற்ற மறுநாளே மணக்கோலத்தில் அணிந்தார்! இருபத்தொரு ஆண்டுகள் அவர்கள் இனிதே இல்லறம் நடத்தினர்.

அந்தத் தேர்வு வெறும் அழகு கருதியதன்று. ஸாடின், லண்டன் ஸ்பிட்டல்பீல்ட்ஸில் நெய்தது. 1826இல் வெளிநாட்டுப் பட்டுக்குக் கதவு திறந்துவிடப்பட்டபின் அங்குள்ள நெசவாளர் வாழ்வு நொடித்துப் போயிருந்தது. கவுனில் தொங்கிய அகன்ற லேஸ், டெவன் மாநிலத்துக் கைப்பின்னல். ஹானிட்டன் லேஸ் என்பது அதன் வணிகப் பெயர். பின்னப்பட்டதோ பீர் என்னும் கடலோரச் சிற்றூரில். (ஊர்ப் பெயரைக் கண்டு அன்பர்கள் நகைக்க வேண்டா.) தலையணை ஒன்றில் குண்டூசிகளைக் குத்தி, அவற்றினூடே நூல் சுற்றிய சிறு மரக்கதிர்களை மாறி மாறிப் போட்டுப் பின்னும் அவ்வேலையில் விரற்கடை அளவு முடிக்கவே பல மணி நேரம் செல்லும். 1809இல் ஜான் ஹீத்கோட் என்பவர் வலைத்துணி நெய்யும் எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றது முதல் அக்கைத்தொழில் தேய்ந்து வந்தது. அரசியின் மண லேஸுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மாதக்கணக்கில் உழைத்தனர். வேறொருவர் அதைப் போல் செய்துகொள்ளாதபடி மாதிரிப் படிவம் அழிக்கப்பட்டது. தறிகாரர்க்கும் பின்னற்காரிகளுக்கும் சோறு கிடைக்க வேண்டும் என்று எண்ணித் துணி தெரிந்த அந்த இருபது வயதுப் பெண்ணை, அவர் ஆட்சியின் பிற செயல்களை நான் ஏற்காவிடினும், இவ்வொன்றிற்காக மதிக்கிறேன்.

அந்நாளில் திருமணத்தை ஒளிப்படம் எடுக்கும் வழக்கம் இல்லை. விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் மணக்கோலத்தில் நிற்பதாகப் பலரும் எண்ணும் படம், பதினான்கு ஆண்டுகள் கழித்து 1854இல் எடுத்தது. ஓவியங்களும் பத்திரிகைகளுமே அவ்வாடையின் புகழைப் பரப்பின. 1849இல் அமெரிக்க மாதர் இதழ் ஒன்று, வெள்ளையே கன்னியர்க்கு ஆதிகாலம் தொட்டு உரிய நிறம் என்று எழுதிவிட்டது. ஒன்பதே ஆண்டுகளில் ஆதிகாலம் பிறந்துவிட்டது பாருங்கள்! எனினும் துணி வெளுக்க வசதியுள்ள வீட்டார்க்கே அது முதலில் கைவந்தது. ஏனையோர் வழக்கம்போல் நிற உடுப்பிலேயே இன்னும் பல்லாண்டு மணந்தனர். விக்டோரியாவோ தம் மண லேஸைப் பெட்டியில் பூட்டவில்லை. 1893இல் பேரன் திருமணத்திற்கு அணிந்தார். 1897 வைரவிழாப் படத்திற்கும் அணிந்தார். 1901இல் மறைந்தபோது மண முக்காட்டோடே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய கொள்ளுப்பேரனின் மகள் எலிஸபெத் 1947 நவம்பர் 20ஆம் நாள் மணந்தபோது நிலைமை வேறு. போர் முடிந்து இரண்டாண்டுகள் ஆகியும் இங்கிலாந்தில் துணிக்குக் கூப்பன் பங்கீடு நீங்கவில்லை. இளவரசியும் கூப்பன் சேர்த்தே துணி வாங்கினார். அரசாங்கம் சில கூப்பன்களைக் கூடுதலாக அளித்தது. நாடெங்கிலும் பெண்கள் தம் கூப்பன்களைத் தபாலில் அனுப்பினர். பிறர் கூப்பனைப் பயன்படுத்துவது சட்டவிரோதமாதலால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. நார்மன் ஹார்ட்னெல் தைத்த கவுனில் பதினாயிரம் சிறு முத்துக்கள். பட்டுப்புழு பகைநாடான ஜப்பானுடையதா என்ற கேள்விகூட எழுந்தது. சீனத்துப் புழு என்று அவர் விடை கூறவேண்டியதாயிற்று. மணநாள் காலையில் தலைமணி முறிந்தது. நகைக்காரர் விரைந்து ஒட்டவைத்தார். முத்துமாலைகளோ பரிசுப்பொருள் காட்சிக்கு வைத்த வேறோர் அரண்மனையில் இருந்துவிட்டன. செயலர் ஓடோடிச் சென்று கொணர்ந்தார். கலியாண வீட்டில் சாவி காணாமற்போவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

அத்திருமணத்திற்கு நம் நாட்டிலிருந்து சென்ற பரிசுகளுள் இரண்டைக் குறிப்பிடாமல் இருக்கலாகாது. ஐதராபாத் நிஜாம், நகையைத் தாம் தெரிந்தெடுக்காமல், கார்ட்டியே கடையில் மணமகள் தம் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்தார். அவர் எடுத்தது ஒரு வைரத் தலைமணியும் கழுத்தணியும். காந்தியடிகளோ தம் கையால் நூற்ற நூலில், ‘ஜெய் ஹிந்த்’ என்னும் சொற்கள் விளங்கப் பின்னிய பருத்தி லேஸ் விரிப்பை மவுண்ட்பேட்டன் வழியே அனுப்பினார். மணமகளின் பாட்டியார் மேரி அரசி அதை அடிகளின் அரைத்துணி என்று எண்ணி முகஞ்சுளித்தாராம்.

லேஸ் என்றவுடன் நாகர்கோவிலுக்கு வருவோம். நம்மவர் அதனை ரேந்தை என்பர். போர்த்துக்கீசியர் தந்த சொல் அது. நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மனைவியார் மார்த்தா மால்ட் அம்மையார், 1820களில் தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் இந்தப் பின்னலைக் கற்பித்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது. அது 1855இல்தான் ஒழிந்தது. பின்னல் விற்ற காசைக்கொண்டு சில பெண்கள் தம்மை அடிமைத்தளையினின்றும் மீட்டுக்கொண்டனர் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. டெவன் பெண்ணுக்கு அது வயிற்றுப்பாடு. நாஞ்சில் நாட்டுப் பெண்ணுக்கோ தன்னை விலைகொடுத்து மீட்கும் பொருளாகவும் இருந்தது.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிறு மாலை அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கூறினேன். தகப்பனார் மோட்டுவளையைப் பார்த்தவண்ணம் இருந்தார். விக்டோரியா காலத்தோடு கவுன் கதை முடிந்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். ஆனால் ரேந்தை என்ற சொல் காதில் விழுந்தவுடன், உள்ளே இருந்த பாட்டியம்மாள் எழுந்து சென்று தம் தகரப்பெட்டியைத் திறந்தார். நாப்தலின் மணத்தோடு, மஞ்சளேறிய மஸ்லின் துணியில் சுருட்டிய நான்கு முழ ரேந்தை ஒன்று வெளிவந்தது. தம் தாயார் பின்னியது என்றார். அது அங்கே இருந்ததை அவர் மகனும் அறிந்திருக்கவில்லை.

அந்தப் பெண் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கவுன் வேண்டாம் மாமா. வெள்ளைப் பட்டுச்சேலை எடுக்கலாம். நெட்டுக்கு ஓரமாக இதைத் தைக்க வேண்டும். ஆனால் வெள்ளைதான், அதை மாற்றமாட்டேன்” என்றாள். கவுன் வேண்டும் என்று அவள் இறுதிவரை நின்றிருந்தாலும் அவள் பக்கமே நான் பேசியிருப்பேன் என்பதையும் இங்குச் சொல்லிவிடுகிறேன். தகப்பனார், “சேலைக்குக் காஞ்சிபுரத்துக்கு எழுத வேண்டும், இங்கே நல்லது கிடையாது” என்றார். அவ்வளவே அவர் கூறியது. பார்சல் வந்த அன்று நானே பேரேட்டில் பதிந்து கையொப்பம் வாங்கிக் கொடுத்தேன்.

மணநாளுக்கு முந்திய இரவு பார்த்தால் ரேந்தையின் ஓரத்தில் ஓர் இழை அறுந்திருந்தது. தையற்காரர் தொடுவதற்கு அஞ்சினார். பாட்டியம்மாள் மூக்குக்கண்ணாடியை இருமுறை துடைத்து மாட்டிக்கொண்டு, என் மனைவியை விளக்கைப் பிடிக்கச் சொல்லி, ஊசியில் நூல் கோத்தார்.