மேடைக்கு விருது, வகுப்பறைக்கு? – மைசூர்ப் பகுதியில் சிறார் கலைக்கல்வியின் வரலாறு

கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவர மலைக்கு ஏறும் சாலையில் அமைந்த கௌதள்ளி, கன்னடமும் தமிழும் சேர்ந்து புழங்கும் எல்லைப்புற ஊர்களில் ஒன்றாகும். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததற்குப் பின் ஆங்கிலேயர் கைக்குச் சென்ற கொள்ளேகால வட்டாரம், கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்து, 1956இல் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி புதிய மாவட்டத்திற்குள் வந்தது. ஆகவே, சிறுவர்க்குக் கலை கற்பிப்பதை எவ்வாறு மதிப்பிடுவது என்ற கேள்விக்குச் சென்னையும் மைசூரும் அளித்த விடைகள் இரண்டுமே இவ்வட்டாரத்தின் வரலாற்றில் அடங்கும்.

பள்ளிக்கூடத்திற்கு முன்பே இங்கு ஒரு கலைப்பயிற்சி இருந்தது. அம்மலையில் வழிபடப்படும் மாதேசுவரரின் கதையைப் பாடும் தேவரகுட்டர் எனப்படும் அடியார்கள், குருவிடம் தீட்சை பெற்றுப் பாட வந்தவர்கள். அவர்கள் கையிலுள்ள கம்சாளே என்பது ஒரு ஜோடி வெண்கலத் தாளம்: கிண்ணம் போல் குழிந்த ஒன்றை இடக்கையில் ஏந்தி, கயிற்றில் கோத்த தட்டையான மற்றொன்றை வலக்கையால் வீசி, பாட்டின் தாளத்திற்கேற்ப அதன்மீது மோத வைப்பார்கள். சாலு என்று பிரிக்கப்படும் நீண்ட கதைப்பகுதிகளை மூத்தவரின் பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியிருந்ததால், கற்றலுக்கும் அரங்கேறுதலுக்கும் இடையே தனித் தேர்வு என்று ஒன்று தேவைப்படவில்லை; குருவின் ஒப்புதலும் கேட்போரின் ஈடுபாடுமே சான்றாக நின்றன.

சென்னை மாகாணத்தின் முறை இதிலிருந்து வேறுபட்டது. 1850இல் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியின் நோக்கம் கைத்தொழிலை மேம்படுத்துவதாக இருந்தது. ஓவியம் கண்ணையும் கையையும் பழக்கும் பயிற்சியாகவே கருதப்பட்டதால், லோயர், ஹையர் என்று வழக்கில் சொல்லப்படும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில், அளவுக்கருவி இன்றிக் கோடு இழுத்தல், வடிவியல் வரைதல், பொருளைப் பார்த்து வரைதல் என்று பிரித்து மதிப்பெண் வழங்கப்பட்டது. பிற்கால ஓவிய ஆசிரியர்களின் தகுதிச் சான்றாகவும் அத்தேர்வுகளே நிலைத்தன. அளக்கப்பட்டது தனியொருவரின் கைத்திறன். சிறுகுழந்தை எதைக் கண்டு எதை வரைய விரும்புகிறது என்பதற்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

அந்த இடத்தை உண்டாக்கியவர்கள் கல்விச் சீர்திருத்தவாதிகள். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக்கல்வி, கைவேலையைக் கல்வியின் மையத்தில் வைத்தது. 1939இல் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, இளங்குழந்தை தன் கையாலும் புலனாலும் கற்கிறது என்பதை இந்திய ஆசிரியர்களுக்கு விளக்கிப் பயிற்சியளித்தார்.

இந்தச் சிந்தனை மைசூர் மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் வேரூன்றியது 1995இல்தான். ஹெக்கடதேவன்கோட்டை வட்டத்தில், ஆந்திரத்திலுள்ள ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துக் கற்ற ஆசிரியர்களால், யுனிசெப் ஆதரவுடன் தொடங்கிய ‘நலி கலி’ என்னும் மகிழ்ச்சிவழிக் கற்றல் திட்டம், பாட்டு, கதை, விளையாட்டு, படம் ஆகியவற்றைப் பாடத்தின் அலங்காரமாக அல்லாமல் பாடமாகவே ஆக்கியது. வெவ்வேறு வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில், ஆசிரியர் துணையோடு கற்போர், சகமாணவர் துணையோடு கற்போர், தாமாகவே கற்போர் முதலிய குழுக்களாக அமர்கின்றனர். ஒவ்வொரு குழந்தையும் படிப்படியாக வரையப்பட்ட கற்றல் ஏணியில் தான் நிற்கும் படிக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்கிறது. பின்னர் கர்நாடகம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு இத்திட்டம் விரிந்தது. ரிஷிவேலியின் அதே முறையிலிருந்து கிளைத்த செயல்வழிக் கற்றல், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவியது.

ஆயினும் அரசின் பாராட்டு சென்றது வேறு திசையில். கர்நாடகத்தின் பிரதிபா காரஞ்சி, 2015இல் மத்திய அரசு தொடங்கிய கலா உத்சவ், 2022இல் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத்திருவிழா ஆகிய மூன்றுமே போட்டி வடிவில் அமைந்து, மேடையேறி வென்ற மாணவரையோ குழுவையோ கொண்டாடுகின்றன. திறமைக்கு மேடை தருவதில் இவற்றின் பங்கு பெரிது. ஆனால் போட்டிக்கு முந்திய மாதங்களில் சிலருக்கு மட்டும் பயிற்சி தந்த பள்ளிக்கும், ஆண்டு முழுவதும் எல்லாக் குழந்தைகளையும் பாட வைத்து வரைய வைத்த பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பரிசுப்பட்டியல் காட்டாது. இங்கிலாந்தின் கலை மன்றம் 2001இல் தொடங்கிய ‘ஆர்ட்ஸ்மார்க்’ இந்த வேறுபாட்டையே கணக்கில் எடுத்து, தனி மாணவருக்கு அல்லாமல், கலைகளைக் கற்பிக்கும் விதத்துக்காகப் பள்ளி முழுமைக்கும் தரச்சான்று வழங்குகிறது.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வி எல்லா மாணவருக்கும் உரியது என்று வலியுறுத்தியது. எல்லாருக்கும் உரிய ஒன்றைச் சிலரின் வெற்றியால் அளக்க முடியாது என்பதால், சிறார் பள்ளியின் கலைச்சிறப்பைக் காண விரும்புவோர் கோப்பைகளை எண்ணுவதை விட்டு, மேடையேறாத குழந்தைகளின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். நலி கலி வகுப்பறைகள் அவ்வாறு பார்ப்பதற்கு வேண்டிய சான்றுகளை அட்டையாகவும் ஏணியாகவும் ஏற்கெனவே வைத்திருக்கின்றன.