ஆஸ்பிரினும் பெருங்குடல் நுண்ணுயிரிகளும்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயோடு தொடர்புள்ள குடல் பாக்டீரியாக்களை ஆஸ்பிரின் எவ்வாறு பாதிக்கிறது என்பது பற்றிய ஆய்வுத்துறை. மலேசியாவின் 2012–2016 புற்றுநோய்ப் பதிவேட்டின்படி ஆண்களிடம் அதிகம் காணப்பட்டது இப்புற்றுநோயே.

மருந்தின் தோற்றம்: வில்லோ மரப்பட்டையிலிருந்து தொடங்கிய தேடல், 1897-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஆஸ்பிரினாக முடிந்தது. அதைச் செய்தவர் ஃபீலிக்ஸ் ஹாஃப்மன் என்பது பொதுவழக்கு. வழிகாட்டியவர் ஆர்தர் ஐக்கன்குரூன் என்போரும் உண்டு. மலாயாவில் இதே மருந்தின் ஆஸ்திரேலியத் தயாரிப்பான 'ஆஸ்ப்ரோ'வும் விற்பனையானது.

புற்றுநோயுடன் தொடர்பு: ஆஸ்பிரின் உண்போரிடம் இப்புற்றுநோய் குறைவு என்று 1988-இல் மெல்பர்ன் ஆய்வாளர் கேப்ரியல் கூன் குழு எழுதியது. பரம்பரையாக நோய் வரும் லிஞ்ச் குறைபாடு உள்ளோரிடம் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் கொடுத்த சோதனை, 2011-இல் நீண்டகாலப் பயனைக் காட்டியது. அழற்சியைத் தணிப்பதே காரணம் என்பது அன்றைய விளக்கம்.

பாக்டீரியாவின் வருகை: 2012-இல் பாஸ்டன், வான்கூவர் குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவை வெளியிட்டன: குடற்கட்டிகளில் 'பியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம்' மிகுந்திருந்தது. நூல் நூற்கும் கதிரைப்போல நடுவில் பருத்து இருமுனையும் கூர்ந்த இந்த நுண்ணுயிரியின் சொந்த வீடு வாய். பல்லில் படியும் காரையில் பிற பாக்டீரியாக்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது இதுதான். குடலில் தன் புரதத்தால் செல்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் பெருக்கத்தைத் தூண்டுவதாக 2013-இல் தெரியவந்தது. குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலும் அது உயிரோடு உடன் சென்றிருந்ததை 2017-இல் கண்டனர். நோய்க்கு அது காரணமா, கட்டி வந்தபின் குடியேறியதா என்பதில் கருத்துகள் இன்னும் ஒன்றுபடவில்லை.

2021-இல் ஹார்வர்டைச் சேர்ந்த வெண்டி காரெட் குழு மாத்திரையையும் நுண்ணுயிரியையும் நேருக்கு நேர் நிறுத்தியது. ஆய்வகத்தில் ஆஸ்பிரின் இந்தப் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுத்தது. பாக்டீரியா புகுத்தப்பட்ட எலிகளில் கட்டிகள் பெருகுவதைக் குறைத்தது. ஆஸ்பிரின் உண்போரின் குடற்கட்டித் திசுக்களிலும் பாக்டீரியா குறைவாகவே இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சில குடல் பாக்டீரியாக்கள் ஆஸ்பிரினையே சிதைத்து அதன் பயனைக் குறைப்பதாக 2020-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர். மருந்து நுண்ணுயிரியைத் தின்கிறதா, நுண்ணுயிரி மருந்தைத் தின்கிறதா என்றால் இரண்டும் நடக்கலாம்.

மனிதர்களில்: நலமான 50 பேரிடம் ஆறு வாரம் நடந்த அமெரிக்க ஆஸ்பிரின் சோதனையில் சில பாக்டீரியாக்களின் அளவு மாறியது; ஆனால் அது புற்றுநோயைத் தடுக்குமா என்பது அச்சோதனைக்கு அப்பாற்பட்டது.

அண்மைக்காலம்: சிங்கப்பூர் தலைமையில் மலேசியா, இந்தியா உள்ளிட்ட நாடுகளில் நடந்த 'ஆஸ்கோல்ட்' சோதனை, அறுவைக்குப் பின் மூன்றாண்டு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தும் தெளிவான பயன் காணவில்லை (2025). அதே ஆண்டு நோர்டிக் சோதனையொன்று, குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளோரிடம் நோய் மீள்வது ஆஸ்பிரினால் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகக் கூறியது.

எச்சரிக்கை: ஆஸ்பிரின் வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். டிங்கிக் காய்ச்சல் உள்ள இடங்களில், காரணம் தெரியாத காய்ச்சலுக்கு இதை விழுங்குவது ஆபத்து. இப்புற்றுநோயைத் தடுக்க 50–59 வயதினரில் இதயநோய் ஆபத்து மிகுந்தோருக்கு 2016-இல் இதைப் பரிந்துரைத்த அமெரிக்க நிபுணர் குழு, போதிய சான்று இல்லையென 2022-இல் அதைக் கைவிட்டது. மலேசிய அரசாங்க கிளினிக்குகளில் 50 முதல் 75 வயதுள்ளோருக்கு, மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை செய்யப்படுகிறது.